பொங்கல் வாழ்த்துக்குக் கீழே

“வாழ்த்து இருக்கட்டும் சார். எங்க தெருவுல சாக்கடை வழிஞ்சி ஒரு வாரமாவுது, பொங்கப் பானைய எங்க வெக்கறது?” கரும்பும் மஞ்சள் கொத்தும் வரைந்த ஒரு வாழ்த்துப் படத்துக்குக் கீழே வந்த கமென்ட் இது. படம் போட்டது ஒரு பொதுச் சேவை நிறுவனம். பெயர் வேண்டாம். சாக்கடைக்கும் அந்த நிறுவனத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எழுதியவருக்கு அதெல்லாம் கணக்கில்லை. கவர்மென்ட் என்று ஒரு கதவு கண்ணில் பட்டது, தட்டினார். அவருக்குக் கீழே இன்னொருவர் தெருப் பெயர், குறுக்குத் தெரு எண், முனையில் இருக்கும் எல்லையம்மன் கோயில் வரைக்கும் அடையாளம் சொல்லி வேறொரு குறை எழுதியிருந்தார். அதற்கும் கீழே, “இங்க எழுதி ஒண்ணும் ஆவாது தலைவா” என்று ஒருவர் ஆறுதல் சொல்லியிருந்தார்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட ஏஜென்சியில் அப்போது எனக்கு வேலை. மாதக் கடைசி ரிப்போர்ட்டில் முதல் ஸ்லைடே அந்தப் பொங்கல் படம்தான். இந்த மாதத்தின் ‘டாப் போஸ்ட்’. லைக் ஏராளம், கமென்ட் அதைவிட ஏராளம். திட்டி எழுதினாலும் கும்பிட்டு எழுதினாலும் டாஷ்போர்டுக்கு இரண்டும் ஒன்றுதான். என்கேஜ்மென்ட் என்ற ஒரே பத்தியில் விழும். கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்து தைப்பூசத்துக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு நகர்ந்தது. சாக்கடைக்காரருக்கு, “தங்கள் கருத்துக்கு நன்றி” என்று ஒரு பதில் போயிருந்தது. அதைப் போட்டது யார் என்று கேட்டால் யாரும் இல்லை. பக்கத்தில் செட் பண்ணி வைத்திருந்த தானியங்கிப் பதில்.

அந்த ‘நன்றி’ இன்னும் எனக்குள் அடங்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விற்க எதுவும் இல்லாத கடை

சோப்புக் கம்பெனிக்கு வேலை பார்ப்பது சுலபம். பிடிக்காவிட்டால் ஆள் அடுத்த சோப்புக்குப் போய்விடுவான் என்கிற பயம் இருக்கிறது, அந்தப் பயம் எல்லோரையும் ஒழுங்காக வைத்திருக்கும். தண்டையார்பேட்டையில் குடியிருப்பவருக்கு வேறு குடிநீர் வாரியம் கிடையாது, வேறு மாநகராட்சி கிடையாது, வேறு மின்வாரியம் கிடையாது. அவர் எங்கேயும் போக முடியாது. அப்படிப்பட்டவரிடம் ‘பிராண்ட் லவ்’ வளர்ப்பது என்று ஒரு பிரசன்டேஷனில் எழுதும்போதே எனக்குக் கை கூசும். அவருக்குத் தேவைப்படுவது சின்ன விஷயம். நாளைக்கு வருமா, வராதா? வராவிட்டால் எப்போது வரும்? யாரைக் கேட்க வேண்டும்? இந்த மூன்றையும் நேரத்துக்குச் சொல்லிவிட்டால் அவர் ஆட்டோ பிடித்து ஆபீசுக்கு வரவேண்டியதில்லை. வராமல் போன அந்த ஆள்தான் ஒரு பொது நிறுவனத்துச் சமூக ஊடகப் பக்கத்தின் வெற்றி. அவரை எண்ணுவதற்கு எந்த டாஷ்போர்டிலும் இடமில்லை.

எண்ணக்கூடியது மட்டும்தான் டெண்டரில் ஏறும். மாதத்துக்கு இத்தனை போஸ்டர், இத்தனை ரீல்ஸ், இத்தனை சிறப்பு நாள் வாழ்த்து. எங்கள் காலண்டர் முழுக்கச் சிறப்பு நாட்கள். மார்ச் 22 உலக நீர் நாள், ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள், நடுவில் புத்தாண்டு, மே தினம், அன்னையர் தினம். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், அதற்கு நாலு அப்ரூவல். டிசைனர் அனுப்பியதை நாங்கள் பார்த்து, பிறகு மக்கள் தொடர்பு அதிகாரியான பிஆர்ஓ, அவருக்கு மேல் ஒருவர், அவருக்கும் மேல் ஒருவர். வாழ்த்துக்கு இது பரவாயில்லை, தேதி முன்கூட்டியே தெரியும். நாளைக் காலை சேவை நிறுத்தம் என்ற அறிவிப்புக்கும் இதே வழிதான். ராத்திரி அப்ரூவல் வரும்போது பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.

அப்படி வந்த அறிவிப்புப் படம் ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். மேலே மூன்றில் ஒரு பங்கு முத்திரைகளும் முகங்களும். அரசு விளம்பரங்களில் யார் யார் படம் இருக்கலாம் என்று 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம், காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் வரம்பு கட்டியது. குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி, அவ்வளவுதான் என்றது. 2016 மார்ச்சில் அதைத் தளர்த்தி ஆளுநர், முதல்வர், அமைச்சர்கள் படங்களுக்கும் இடம் கொடுத்தது. சட்டத்தில் இடம் கிடைத்ததும் போஸ்டரிலும் இடம் கிடைத்துவிட்டது. நடுவில் தடித்த எழுத்தில் ‘முக்கிய அறிவிப்பு’. அதற்குக் கீழே ‘பராமரிப்புப் பணிகள் காரணமாக’ என்று தொடங்கி, மூச்சுவிடாமல் ஆறு வரி ஓடும் ஒற்றை வாக்கியம். எந்தத் தெரு என்பது கடைசியில், கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிறத்தில், எறும்பு சைஸில். அதுவும் தெருப் பெயராக இருக்காது, ‘பகுதி 4க்கு உட்பட்ட இடங்கள்’ என்று இருக்கும். தான் குடியிருப்பது பகுதி நாலா, அஞ்சா என்று வீட்டுவரி ரசீதைத் தேடாமல் சொல்லக்கூடியவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை. படமாகப் போடுவதில் இன்னொரு தொல்லை, கண்பார்வை இல்லாதவரின் போன் அதைச் சரியாகப் படித்துச் சொல்லாது. அதிலிருந்து ஒரு வரியை மட்டும் எடுத்து அக்காவுக்கு அனுப்புவதும் சுலபமில்லை.

இது யாரோ ஒரு டிசைனரின் ரசனைக் கோளாறு என்று விட்டுவிடலாம். ஆனால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பிரிவு 4 என்று ஒன்று இருக்கிறது. யாரும் கேட்காமலே அரசு அலுவலகங்கள் தாமாகச் சொல்ல வேண்டியவற்றைப் பற்றியது அது. அதன் நாலாவது உட்பிரிவு, உள்ளூர் மொழியில், செலவைக் கணக்கில் வைத்து, அந்தப் பகுதியில் எந்த வழி நன்றாகப் போய்ச் சேருமோ அந்த வழியில் சொல்ல வேண்டும் என்கிறது. டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிப்புகளில் லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். 2012ல் மத்திய மின்னணுத் துறை அரசு அலுவலகங்களுக்கென்றே ஒரு சமூக ஊடக வழிகாட்டுதலும் வெளியிட்டது. எதற்காக, எந்தத் தளத்தில், யார் பேசுவது, பதிலை எப்படிச் சொல்வது என்று எல்லாம் அதில் இருக்கிறது. நான் பார்த்த டெண்டர் எதிலும் இந்த இரண்டைப் பற்றியும் ஒரு வரி இருந்ததில்லை.

திருநெல்வேலியிலிருந்து ஒரு லைக்

பக்கத்தில் போட்டுவிட்டால் ஊருக்கே சொன்ன மாதிரி என்று பல அதிகாரிகள் உண்மையிலேயே நம்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஃபேஸ்புக் வந்த புதிதில் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. 2018 ஜனவரியில் அந்தக் கம்பெனி, இனி நண்பர்கள், சொந்தக்காரர்களின் பதிவுகளுக்கே முதலிடம் என்று அறிவித்தது. அதோடு பக்கங்களின் பதிவுகள் பின்வரிசைக்குப் போயின. பின்தொடர்பவர்களில் சொற்பப் பேருக்குத்தான் ஒரு பதிவு கண்ணில் படுகிறது. அதுவும் போட்ட நேர வரிசையில் அல்ல. நாளைக்கு நிறுத்தம் என்ற அறிவிப்பு மூன்று நாள் கழித்து ஒருவரின் திரையில் வந்து நிற்கும், அவர் பதறிப்போய்க் குடத்தைத் தூக்குவார்.

சரி, காசு போட்டு பூஸ்ட் பண்ணலாமே? பண்ணினார்கள். வண்ணாரப்பேட்டையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டருக்கு மட்டும் காட்டு என்று சொல்ல அதில் வசதி இருக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் ரீச் எண்ணிக்கை பெரிதாகத் தெரிய வேண்டும். மாநிலம் முழுக்கத் திறந்துவிட்டால் அதே காசுக்கு எண்ணிக்கை எகிறும். ஆகவே கொருக்குப்பேட்டையின் நாலு தெருவுக்கான நிறுத்த அறிவிப்புக்குத் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இதயம் போட்டிருந்தார். பாவம், நல்ல மனுஷன்.

தண்ணி விடுறவர்

என் யோசனையைத் திருப்பிப் போட்டது என் அம்மாவின் போன். அவர் ஃபேஸ்புக்கில் இல்லை. ட்விட்டர் என்றால் என்ன, அது எக்ஸ் ஆனால் என்ன? ஆனால் எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார். காலை வணக்கப் பூக்கள், சாமி படம், காணாமல் போன சாவி, ஆட்டோக்காரர் நம்பர் எல்லாம் வருகிற குரூப். ஒருநாள் சாயங்காலம் அதில் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. பின்னணியில் மோட்டார் சத்தம், யாரோ யாரையோ “தள்ளுப்பா” என்கிறார்கள். பேசியவர் எங்கள் பக்கத்துக்கு வால்வு திறந்துவிடுகிறவர்.

“அக்கா, அண்ணே, எல்லாருக்கும் சொல்லிக்கறேன். நாளைக்கு காத்தால தண்ணி வராது. மெயின் பைப்பு ஒடைஞ்சிகிச்சி, தோண்டிக்கினு கீறாங்க. இன்னிக்கி ராத்திரி ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா வுடறேன், புட்ச்சி வெச்சிக்கோங்க. நாளான்னிக்கி வழக்கம் போல வந்துரும்.”

அவ்வளவுதான். எந்த நாள், என்ன காரணம், இப்போது என்ன செய்ய வேண்டும், எப்போது சரியாகும் என்று எதையும் விடவில்லை. ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ கிடையாது, அதற்குப் பதிலாக ஒரு மணி நேரத் தண்ணீர் கிடைத்தது. அம்மா அதைக் கேட்டு முடித்த கையோடு “சரிப்பா” என்று பதில் வாய்ஸ் போட்டார், கண்ணாடியைத் தேடவே இல்லை. சித்திக்கு அனுப்பினார். போன் எடுக்காத மாடி வீட்டுப் பாட்டிக்குப் படிக்கட்டில் நின்று குரல் கொடுத்தார். நான் குடங்களை வரிசையாக வைத்து அடிபம்பைப் பிடித்துக்கொண்டேன். அடித்துக்கொண்டே யோசித்தேன்: எங்கள் ஏஜென்சியில் கன்டென்ட் ரைட்டர், டிசைனர், வீடியோ எடிட்டர், அக்கவுன்ட் மேனேஜர் என்று ஒரு கும்பலே இருக்கிறது. இந்த மனுஷன் பைப் உடைந்த பள்ளத்தின் ஓரத்தில் நின்று ஒற்றை விரலில் முடித்துவிட்டார்.

அவருக்கு எங்கிருந்து இந்தத் திறமை? அவர் யாருக்குச் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியும். பொய் சொன்னால், அல்லது சொல்ல மறந்தால், மறுநாள் காலையில் டீக்கடை வாசலில் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பயமும் உறவும் சேர்ந்து அவர் வாக்கியங்களைச் சீவித் தள்ளுகின்றன. எங்கள் பக்கத்தின் அட்மினை எந்த டீக்கடையிலும் யாரும் பிடிக்க முடியாது.

இதை அந்த நிறுவனத்தில் எங்களைப் பார்த்துக்கொண்ட மேடத்திடம் கொண்டுபோனேன். தண்ணீருக்கு மட்டுமா, உங்கள் பிரிவு அலுவலகங்களிலும் இப்படி ஒருவர் இருப்பாரே, அவரே பேசட்டும், நாம் பின்னால் இருந்து உதவுவோம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அஃபீஷியலா? அவர் வாய் தவறி ஒண்ணு சொல்லிட்டா நாளைக்கு ஃபைல்ல என்ன இருக்கும்? யார் எப்ப சொன்னாங்கன்னு நான் எதைக் காட்டுவேன்?” அரசு ஆபீஸ் புத்தி என்று வெளியில் இருப்பவர்கள் சிரிக்கலாம். எனக்கும் அப்போது எரிச்சல்தான். இருந்தும் ஒரு பிரிவில் மட்டும் செய்து பார்க்க அவரே வாய்மொழியாக ஒப்புக்கொண்டார். எழுத்தில் கேட்டால் வருஷம் ஆகும் என்று அவருக்கே தெரியும்.

அந்தப் பிரிவின் உதவிப் பொறியாளர், ஏஇ, முதலில் மேடைப் பேச்சுப் போலப் பேசினார். “பொதுமக்கள் கவனத்திற்கு...” என்று ஆரம்பித்து மூச்சு வாங்கினார். வீட்டில் சொல்கிற மாதிரி சொல்லுங்கள் சார் என்று ஒன்றிரண்டு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டார். தெருக்களின் குரூப்பில் இருக்கும் ஊழியர்கள் வழியாக அது போனது. கவுன்டரில் உட்காரும் அண்ணன், போன் அடிப்பது குறைந்திருக்கிறது என்றார். எழுதி வைத்த கணக்கு எதுவும் இல்லை, அவர் காதுதான் கணக்கு. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு மழை வந்தது. நல்ல மழை நாளில், ஏஇ குரலில் “நாளைக்கு நிறுத்தம்” என்று பல தெருக்களில் வாய்ஸ் நோட் சுற்ற ஆரம்பித்தது. அவர் பேசவே இல்லை. அது கோடையில் பேசியது. யாரோ கிளப்பிவிட்டார்களா, யாருடைய போனிலோ கை பட்டுப் போய்விட்டதா தெரியாது. ஃபார்வேர்டு மேல் ஃபார்வேர்டாகப் பக்கத்து ஏரியாக்களுக்கும் போய்விட்டது. ‘நாளைக்கு’ என்ற சொல்லுக்குக் காலாவதித் தேதி இல்லை. எந்த நாளில் கேட்டாலும் அதற்கு அடுத்த நாள் இருக்கிறது. குறைந்திருந்த போன் மணி திரும்ப அடிக்க ஆரம்பித்தது.

மேடம் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. யார், எப்போது சொன்னார்கள் என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது? அவர் ஆடிட்டுக்காகக் கேட்டதே தெருவுக்கும் வேண்டியிருக்கிறது. அன்றைக்கு நாங்கள் செய்தது சுலபம்: அதே ஏஇ, கிழமையும் தேதியும் முதலில் சொல்லி, “இன்னிக்கி சுத்தற வாய்ஸ் பழசு, நாளைக்கு நிறுத்தம் கிடையாது” என்று பேசினார். அதே செய்தி எழுத்தில், படமாக இல்லாமல் வெறும் எழுத்தாக, தேதியோடு நிறுவனப் பக்கத்தில் ஏறியது. குரூப்பில் சந்தேகப்பட்ட பிள்ளைகள் அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்துவந்து, பெரியவர்களிடம் காட்டினார்கள். பக்கம் எதற்கு இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் சரியான பதில் அதுதான். செய்தி குரலில் நடந்து போகும். சந்தேகம் வந்தால் வந்து பார்க்க ஓரிடம் அசையாமல் இருக்க வேண்டும். வாழ்த்துப் படங்களுக்கு நடுவே தேடவிடாமல் அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது.

2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வெள்ளத்தின்போது அந்த மாநிலப் போலீஸ் இதைத்தான் செய்தது என்று பிறகு படித்தேன். சுற்றும் வதந்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, ‘மித்பஸ்டர்’ என்ற ஹேஷ்டேக் போட்டு, இது பொய் என்று உடனுக்குடன் எழுதினார்கள். மக்கள் செய்தித்தாளுக்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் பார்க்கப் பழகினார்கள்.

கன அடியும் முழங்காலும்

எங்கள் வடசென்னைக்குத் தகவல் என்பது பல நேரங்களில் உயிர் விஷயம். பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலையாற்றில் வரும் தண்ணீர் மணலி புதுநகர்ப் பக்கம்தான் முதலில் ஏறும். புழல் உபரி நீரும் சடையன்குப்பம் வழியாக எண்ணூரை நோக்கித்தான் ஓடுகிறது. ஒவ்வொரு மழைக்கும் வரும் அறிவிப்பு, “விநாடிக்கு இத்தனை கன அடி திறப்பு, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்.” இன்ஜினியருக்குக் கன அடி புரியும். மணலி புதுநகரில் பிரிட்ஜைக் கட்டில் மேல் தூக்கி வைக்கலாமா என்று யோசிப்பவருக்கு, எத்தனை மணிக்கு வரும், கணுக்காலா, முழங்காலா, இடுப்பா என்பதுதான் வேண்டும். போன தடவை இதே அளவு திறந்தபோது எந்தத் தெரு வரை ஏறியது என்று சொன்னால்கூடப் போதும். அந்தத் தகவல் அலுவலகத்தில் இல்லாமல் இல்லை, மக்களுக்குப் போகும் வாக்கியத்தில்தான் ஏறுவதில்லை.

இதில் ஒரு பழைய முறை இன்னும் என்னை ஆச்சரியப்படுத்துகிறது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு. ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண். காசிமேட்டில் படிக்கத் தெரியாத தாத்தாவும் எண்ணைக் கேட்டாலே எவ்வளவு பயப்பட வேண்டும் என்று அளந்துவிடுவார். ஒரே எண், ஒரே பொருள். யாரும் அதை ‘கிரியேட்டிவாக’ மாற்றிப் பார்க்கவில்லை. 2021 ஜூனில் மின்வாரியம் மின்னகம் என்று 94987 94987 என்ற ஒரே எண்ணைக் கொடுத்தது அந்த வகையில் எனக்குப் பிடித்த காரியம். திரும்பத் திரும்ப வரும் எண், பாட்டிக்கும் மனப்பாடம் ஆகும். மாநகராட்சியின் 1913ம் அப்படித்தான்.

எல்லாவற்றையும் போனில் ஏற்றிவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு 2023 டிசம்பர் நல்ல பாடம். மிக்ஜாம் புயலில் கரண்ட் போய், டவர் போய், சார்ஜ் போன பிறகு எந்த ஹேஷ்டேக் வேலை செய்யும்? அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, கண் எரிய, மூச்சு முட்ட மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்களே, அந்த நேரத்தில் யார் பக்கத்தைத் திறந்து ரெஃப்ரெஷ் பண்ணிக்கொண்டிருப்பார்கள்? கதவைத் தட்டுவதும் மைக்கில் கத்துவதும்தான் வழி. 2022 ஆகஸ்டில் தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். தப்படிக்கும் மனிதரை அந்த நிலையில் வைத்திருக்கக் கூடாது என்பது முழுக்கச் சரி. அந்தக் கடிதமே வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்றது. எங்கள் ஆட்டோக்களில் குழாய் கட்டிச் சொல்கிறவர்களையும் நான் டிஜிட்டல் மார்க்கெட்டிங் கணக்கிலேயே சேர்ப்பேன். அவர்கள் பேசுவதைத்தான் பிள்ளைகள் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள்.

இன்னொன்று, நம் பேச்சையெல்லாம் அடுத்தவன் கடைத்திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறோம். 2023 ஏப்ரலில் ட்விட்டர், மென்பொருள் வழியாகப் பதிவிடுவதற்குக் கட்டணம் என்றது. நியூயார்க்கின் ரயில், பஸ் நிறுவனமான எம்டிஏ, இனி இங்கே சேவை அறிவிப்பு கிடையாது என்று வெளியேறியது. பொதுச் சேவைகளுக்கு இலவசம் என்று அந்தக் கம்பெனி இறங்கிவந்த பிறகுதான் மே மாதம் திரும்பியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை.

மீம் போட்டால் ஆச்சா?

ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் மும்பை போலீஸ் என்பார். 2015 டிசம்பரில் ட்விட்டருக்கு வந்து, சினிமா வசனத்தில் ஹெல்மெட்டும் பாஸ்வேர்டும் சொல்லிப் பேர் வாங்கினவர்கள் அவர்கள். நியூஜெர்சி மாநில அரசு 2019ல், “இவங்களுக்கு யாரு ட்விட்டர் கொடுத்தா?” என்று கேட்டவருக்கு “உங்க அம்மா” என்று பதில் சொல்லி உலகப் புகழ் அடைந்தது. ரசித்தேன், சிரித்தேன். ஆனால் ஹெல்மெட் போடு என்று சொல்ல நகைச்சுவை உதவும். சாக்கடை வழிகிறவனிடம் வடிவேலு மீம் போட்டால் அடி விழும். நம்மூர் அட்மின்கள் இந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் புரிந்து வைத்திருக்கிறார்கள், கூட்டத்தில் பேசுபவர்களுக்குத்தான் புரிவதில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் வேறு. ட்விட்டரில் டேக் பண்ணினால் வேலை நடக்கிறது என்று நண்பர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். நல்ல ஆங்கிலத்தில், படத்தோடு, அதிகாரியின் பெயரையும் சேர்த்து டேக் பண்ணினால் சாயங்காலத்துக்குள் ஆள் வருகிறது. பெசன்ட் நகரிலும் அடையாறிலும் அப்படி எழுதக்கூடியவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். வியாசர்பாடியில், கொடுங்கையூரில், கொருக்குப்பேட்டையில் குறை அதைவிட அதிகம், டேக் குறைவு. அங்கே குறை வாய்ஸ் நோட்டாக, கவுன்சிலர் வீட்டு வாசலில் ஆளாக, பொங்கல் வாழ்த்துக்குக் கீழே கமென்ட்டாக வருகிறது. டேக் வந்ததைக் கொண்டு ஆளை அனுப்பினால், சத்தம் கேட்கிற தெருவுக்கே லாரி திரும்பத் திரும்பப் போகும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. திரையில் தெரிகிறதுதான் கண்ணில் படும், அவ்வளவுதான்.

அதனால்தான் அந்தத் தானியங்கி ‘நன்றி’யை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று மேடத்திடம் கடைசிவரை கேட்டேன். கமென்ட்டில் குறை சொன்னால், நம் துறை என்றால் ஒரு புகார் எண் கொடுக்கலாம். நம் துறை இல்லை என்றால், எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று ஒரு வரி சொல்லலாம். சாக்கடைக்காரருக்கு அந்த ஒரு வரியே பெரிய விஷயமாக இருந்திருக்கும். அதற்கு ஆள் வேண்டும், டெண்டரில் ஆளுக்கு இடமில்லை, படத்துக்குத்தான் இடம் என்றார் அவர். சொல்லும்போது அவர் முகத்திலும் சலிப்புதான்.

நான் அந்த ஏஜென்சியிலிருந்து வந்துவிட்டேன். அந்த நிறுவனத்தின் புது டெண்டர் ஆவணத்தைச் சமீபத்தில் நண்பன் அனுப்பினான். போஸ்டர் எண்ணிக்கை கூடியிருக்கிறது, ரீல்ஸ் இரட்டிப்பாகியிருக்கிறது. பணிகளின் பட்டியலில் கடைசிக்கு முந்தின வரியாக ஒன்று புதிதாக வந்திருக்கிறது: பொதுமக்கள் கமென்ட்டில் தெரிவிக்கும் குறைகளைத் தொகுத்து, அந்தந்தப் பிரிவு அலுவலகத்துக்குத் தினமும் அனுப்ப ஒரு பணியாளர். மேடம் எழுதிச் சேர்த்ததாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பணியாளருக்குச் சம்பளம் எவ்வளவு என்ற கட்டத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை. ஏலம் கேட்கிறவர்கள் நிரப்ப வேண்டும். எல்-1, அதாவது குறைந்த தொகை கேட்பவருக்கே வேலை என்பதால், எவ்வளவு நிரப்புவார்கள் என்பது எனக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும்.